எட்டுக் கால், ஒரே ஓட்டம்

ஞாயிற்றுக்கிழமை ரேக்ளாவில் பவுன் யாருக்கு? பொள்ளாச்சிக் கட்டுத்தரைகளில் ஒரு ரசிகனின் சுற்று

விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நெகமத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. கட்டுத்தரையில் ஒற்றை பல்பு எரிகிறது. மயிலைக் காளை ஒன்று முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நிற்கிறது. பக்கத்தில் அதைவிட ஒரு சுற்றுச் சின்னதாக ஒரு செவலை. இரண்டின் கழுத்திலும் நுகத்தடி ஏறியாயிற்று. வண்டியின் நடுக்கட்டையையும் நுகத்தடியையும் பிணைத்திருந்த கயிற்றை அவிழ்க்கிறார் பெரியவர். ஒரு விரல்கடை வலப்பக்கமாக நகர்த்தி, மறுபடி இறுக்கிக் கட்டுகிறார். தள்ளி நின்று பார்க்கிறார். திரும்ப வந்து, அரை விரல்கடை பின்னுக்கு எடுக்கிறார்.

“எதுக்குங்க இவ்வளவு நுணுக்கம்?” என்று கேட்டேன்.

“மயிலைக்கு வலு சாஸ்திங்க தம்பி. அதுக்குக் கை குட்டையா இருக்கோணும். செவலைக்கு நீட்டமாக் குடுத்தாத்தான் ரண்டும் ஒண்ணாப் போகும். இல்லீன்னா மயிலை முன்னுக்கு இழுக்கும், நுகம் கோணிக்கும், வண்டி பக்கத்துக் காட்டுக்குள்ள போயிரும். ஞாயித்துக்கிழமை அங்க வந்து கயித்த அவுத்துக் கட்ட முடியுமுங்களா?”

ஞாயிற்றுக்கிழமை. இந்த வாரம் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலை என்று எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு இதுதான். உழவு ஓட்டிச் சமப்படுத்திய ஒரு தரிசுக்காட்டில் ரேக்ளா நடக்கப்போகிறது. முதல் பரிசு பவுன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து ரேக்ளா பார்க்கத் தொடங்கியவன் நான். இந்த முறை பார்ப்பதற்கு முன்னாலேயே கட்டுத்தரை கட்டுத்தரையாக ஏறி இறங்கினேன். யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட எதனால் ஜெயிப்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கடிகாரத்தோடு போட்டி

மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயம் வேறு. அங்கே பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, பல வண்டிகளை ஒன்றாக ரோட்டில் விடுவார்கள். போக எத்தனை மைல், வர எத்தனை மைல் என்று கணக்கு. முந்துவதும் மறிப்பதும் மூச்சை மிச்சம் பிடித்து வைப்பதும் அங்கே வித்தை.

கொங்குப் பக்கத்து ரேக்ளாவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் ஓடும். 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரண்டு பிரிவு. பெரும்பாலும் இளம்பல் காளைகள் 200-லும் பல் சேர்ந்தவை 300-லும் ஓடும். எந்த ஜோடி குறைந்த நேரத்தில் கோட்டைத் தாண்டுகிறதோ அதற்குப் பரிசு. நூற்றுக்கணக்கான ஜோடிகள் வரும். காலையில் ஓடிய வண்டிக்காரர் சாயங்காலம் வரை உட்கார்ந்து, தன் நேரத்தை யாராவது உடைத்துவிடுவார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிராளியின் முகத்தைப் பார்க்காமலே தோற்கிற பந்தயம் இது. அதனால்தான் இங்கே தந்திரம் முழுவதும் ஓடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

▣ ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு
ஒரு ஜோடி 200 மீட்டரை 16 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12.5 மீட்டர், மணிக்கு 45 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கு என்பது 12.5 சென்டிமீட்டர், ஏறக்குறைய அரைச் சாண். தடத்தில் ஒரே ஒரு முறை வண்டி லேசாக ஒதுங்கினால் போதும், பல அரைச் சாண்கள் போய்விடும். ஒப்பிட்டுப் பார்க்க: 2020 பிப்ரவரியில் கர்நாடகக் கடலோரத்தில் நடந்த கம்பளாவில் ஸ்ரீனிவாச கௌடா தன் எருமைகளோடு 142.5 மீட்டர் சேற்றுத் தடத்தை 13.62 நொடியில் ஓடியது உலகம் முழுக்கச் செய்தியானது.

வேக மாடு ஜெயிக்காது, சேர்ந்த ஜோடி ஜெயிக்கும்

நான்கு நாளில் பார்த்த கட்டுத்தரைகளில் எல்லாரும் வெவ்வேறு வார்த்தையில் சொன்னது இதைத்தான். இரண்டு காளைக்கும் சேர்த்து எட்டுக் கால். அவை ஒரே தாளத்தில் விழ வேண்டும். ஒரு காளை மற்றதைவிடக் கொஞ்சம் முந்தினால் நுகத்தடி சாய்கிறது. நுகத்தடி சாய்ந்தால் வண்டியின் மூக்கு திரும்புகிறது. சக்கரம் நேராக உருளாமல் மண்ணைச் சீவிக்கொண்டு போகிறது. மண்ணைச் சீவுவதற்குப் போகிற வலு அத்தனையும் வீண். ஆக, ரொம்ப வேகமான காளை ஒன்றும் சுமாரான காளை ஒன்றும் சேர்ந்தால், அந்த ஜோடி சுமாரான காளையை விடவும் மெதுவாகப் போகும்.

இடத்துக் காளை எது, வலத்துக் காளை எது என்பதிலும் கணக்கு உண்டு. சிறுவயதில் இடப்பக்கம் பூட்டிப் பழக்கிய காளையை வலப்பக்கம் மாற்றினால் அது பக்கத்துக் காளையின் தோளில் சாய்ந்துகொண்டே ஓடும். ஆனைமலையில் ஒருவர் தன் இரண்டு பல் காளையை மூன்று மாதமாக இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்க்கிறார். “எந்தப் பக்கம் பூட்டுனா காது முன்னால நிமிந்து நிக்குதுன்னு பாப்பனுங்க. அதுதான் அதோட பக்கம்” என்றார். இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம் நானும் அந்தக் காளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் பூட்டியபோது காது பின்னால் மடிந்தது. இடப்பக்கம் மாற்றியதும் இரண்டு காதும் எழுந்து நின்றன.

சேர்க்கை என்பது கட்டுத்தரையிலேயே தொடங்குகிறது. நல்ல வண்டிக்காரர்கள் ஜோடியை அடுத்தடுத்த முளைக்குச்சியில் கட்டுகிறார்கள். ஒரே நேரத்தில் தண்ணி காட்டுகிறார்கள். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஒரே அளவில் வைக்கிறார்கள். காலையில் நடை, பிறகு கிணற்றிலோ குட்டையிலோ நீச்சல், இரண்டையும் ஒன்றாகவே. ஒன்றை மட்டும் வெளியே ஓட்டிப் போனால் மற்றது கயிற்றை இழுத்துக் கத்த வேண்டும். அந்த அளவுக்குப் பழகினால்தான் ஜோடி.

மண்ணும் டோக்கனும்

பந்தயத் தடம் உழவுக்காடு. காலைப் பனியில் மண் லேசாகப் படிந்து, குளம்புக்கு நல்ல பிடி கொடுக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற மேல்மண் பொடியாகும். நூறு வண்டி ஓடிய பிறகு நடுத்தடத்தில் சக்கரக் குழி விழுந்துவிடும். இடையில் தண்ணீர் தெளித்துச் சமன் செய்வார்கள். என்றாலும் எட்டு மணி மண்ணும் ஒரு மணி மண்ணும் ஒன்றாகாது.

அதனால் டோக்கன் எண்தான் முதல் சூதாட்டம். சீக்கிரம் ஓடினால் மண் நல்லது, மாடும் வெயிலில் வாடாது. ஆனால் எந்த நேரத்தை உடைக்க வேண்டும் என்று தெரியாமல் ஓட வேண்டும். பிந்தி ஓடினால் இலக்கு தெரியும், தடம் கெட்டிருக்கும். கருமண்ணில் பழகிய காளைகளுக்குப் பொடிமண் அவ்வளவு தொந்தரவில்லை. செம்மண் காட்டில் கெட்டித் தரையில் பழகியவை பொடியில் கால் புதைந்ததும் திகைத்து நடையை மாற்றும். ஞாயிற்றுக்கிழமைத் தடத்தின் மண்ணை நான் கையில் அள்ளிப் பார்த்தேன். முதல் நூறு மீட்டர் செம்மண். கடைசிப் பகுதியில் கரிசல் கலந்து, பிசைந்தால் கையில் ஒட்டுகிறது. 300 மீட்டர் ஓடுகிற காளைகள் மூச்சு வாங்கத் தொடங்குகிற இடத்தில்தான் இந்த மண் மாற்றம் வருகிறது. என் கணிப்பில் பரிசைத் தீர்மானிக்கப்போவது அந்தக் கடைசி எழுபது எண்பது மீட்டர்.

வண்டி மேல் உட்காருகிறவர்

இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுகிறவர் முன்னால் குனிந்தால் பாரம் காளைகளின் கழுத்தில் விழும். பின்னால் சாய்ந்தால் நுகத்தடி மேலே தூக்கும், தொண்டைக்கயிறு இறுகும். பாரம் அச்சின் மேல் மட்டும் நிற்கும்படி உட்காருவதுதான் வித்தை. குலுங்குகிற வண்டியில், தூசியில், கண்ணைத் திறக்கவும் முடியாத நிலையில் அதைச் செய்ய வேண்டும். இன்றைக்கு இந்தப் பக்கம் பேர் வாங்கிய ஓட்டுநர்களில் பலர் மெலிந்த உடம்புக்காரர்கள். கிலோ கணக்கில் மட்டும் அதைப் பார்க்கக்கூடாது. குலுக்கலில் இடுப்பை மட்டும் அசைத்து, தலையையும் கையையும் அசைக்காமல் வைத்திருக்கிற உடம்பு அது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாலை முறுக்குவது, கடிப்பது, குச்சி நுனியில் ஆணி வைத்துக் குத்துவது எல்லாம் ஒருகாலத்தில் சகஜமாக இருந்தது. சிறுவனாக நானே பார்த்திருக்கிறேன். அப்போது அதைத் தவறென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது கொடுமை என்பதை இன்று நான் தயங்காமல் எழுதுகிறேன். அதோடு, ஓட்டத்துக்கும் அது உதவாது. குத்துப்பட்ட காளை வலியிலிருந்து விலகி ஓடுகிறது. விலகினால் நுகம் கோணுகிறது. மேலே சொன்ன கணக்குத்தான். நேரத்தைக் குறைக்கிற ஓட்டுநர்கள் குரலாலும் கயிற்றாலும் மட்டுமே ஓட்டுகிறார்கள். நெகமத்துப் பெரியவரின் கட்டுத்தரையில் குச்சியே கண்ணில் படவில்லை. “ஏய்… ஹை” என்று அடிவயிற்றிலிருந்து அவர் மகன் ஒரு குரல் கொடுத்தபோது எனக்கே முதுகு நிமிர்ந்தது.

என் கணக்கு

300 மீட்டரில் இரண்டு ஜோடிகளுக்கு நடுவில்தான் போட்டி என்று நினைக்கிறேன். ஒன்று, நான் முதலில் சொன்ன நெகமத்து மயிலையும் செவலையும். கோட்டிலிருந்து கிளம்புகிற வேகத்தில் இதற்கு இணை இந்தப் பக்கம் இல்லை. முதல் ஐந்தாறு பாய்ச்சலில் மயிலை வண்டியையே தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் இவை ஜோடி சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. களைப்பு வந்ததும் செவலை பின்தங்கும். விரல்கடைக் கணக்கில் பெரியவர் சரிசெய்து பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான்.

இன்னொன்று உடுமலைப் பக்கத்து ஜோடி. இரண்டும் மயிலை, ஒரே பசுவின் அடுத்தடுத்த ஈற்றுக் கன்றுகள். கொம்பு முளைத்த நாள் முதல் ஒன்றாகப் பூட்டிப் பழகியவை. கிளம்புவதில் சுணக்கம் உண்டு. வண்டி அசைந்து நகர்ந்த பிறகு பாருங்கள், இருநூறாவது மீட்டரிலும் நுகத்தடி கிடைமட்டமாக இருக்கும். பழகியது கரிசல் காட்டில்.

நெகமத்து ஜோடிக்குக் காலை எட்டு ஒன்பதுக்குள் டோக்கன் கிடைத்தால், இறுகிய மண்ணில் அவர்களின் நேரத்தை யாரும் தொட முடியாது. உச்சிவெயிலுக்குத் தள்ளிப்போனால் பவுன் உடுமலைக்கு. ஒரே ஒரு பேர் சொல் என்று கட்டாயப்படுத்தினால் நான் அந்த அண்ணன் தம்பிக் காளைகளைத்தான் சொல்வேன்.

200-ல் கணிப்பது கடினம். இரண்டு பல் காளைகளுக்குக் கூட்டமே புதிது. மைக் சத்தத்தில் மிரளும். ஆனைமலைக்காரர் ஒரு மாதமாகக் கட்டுத்தரையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டுப் பழக்குகிறார். அந்தக் கவனத்துக்காகவே அவர் முதல் மூன்றுக்குள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

▣ தடையும் அனுமதியும்
2011 ஜூலை: காட்சிக்குப் பயன்படுத்தக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையை மத்திய அரசு சேர்த்தது.
2014 மே 7: ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.
2017 ஜனவரி: மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் மாநிலம் முழுவதும் போராட்டம். 21-ம் தேதி அவசரச் சட்டம், 23-ம் தேதி சட்டப்பேரவையில் திருத்தச் சட்டம்.
2023 மே 18: தமிழகம், கர்நாடகம், மகாராஷ்டிரம் கொண்டுவந்த திருத்தச் சட்டங்கள் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

அந்த மூன்று ஆண்டுகள்

தடை இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர் உடனே பதில் சொல்வதில்லை. தவிட்டைக் கிண்டுகிறார். பிறகு சொன்னார்: “ஒரு செவ்வாக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிட்டனுங்க. ரண்டும் நல்ல உருப்படி. ஓட்டம் இல்லாத மாட்டுக்குத் தீனி எப்படிப் போடறது? வாங்குனவன் எங்க கொண்டு போவான்னு எனக்குத் தெரியும். கயித்தக் கையில குடுத்துட்டுத் திரும்பிப் பாக்கலீங்க.”

செவ்வாயும் வியாழனும் கூடுகிற பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலிருந்து லாரிகள் பெரும்பாலும் கேரளாவுக்குப் போகும். பெரியவர் சொல்லாமல் விட்டது அதுதான்.

ரேக்ளா நின்றால் ஏன் காளை சந்தைக்குப் போகிறது என்று நகரத்து நண்பர்கள் கேட்பார்கள். ஒரு காலத்தில் காங்கயம் காளைக்கு வேலை இருந்தது. கிணற்றில் கவலை இறைத்தது, ஏர் உழுதது, வண்டி இழுத்தது. மின்மோட்டாரும் டிராக்டரும் வந்து அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டன. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் வந்த பிறகு இந்தப் பக்கத்துச் சோளக்காடும் கடலைக்காடும் தென்னையாக மாறின. சோளத்தட்டு குறைந்தது, மேய்ச்சலும் குறைந்தது. காங்கயம் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் கொடுக்கும். பக்கத்துக் கொட்டகையில் கலப்பினப் பசு அதைப் போலப் பல மடங்கு கறக்கும். பால் கணக்கு மட்டும் பார்த்தால் எந்த விவசாயியும் காங்கயம் பசுவை வைத்திருக்க முடியாது.

வைத்திருக்கிறவர்கள் ஒரு நம்பிக்கையில் வைத்திருக்கிறார்கள். பசு ஒரு நல்ல கிடாரியோ காளைக்கன்றோ போடும். செந்நிறத்தில் பிறந்து, ஆறு மாதத்தில் நிறம் மாறி, திமில் எழும்பி, கால் நீண்டு வருகிற அந்தக் கன்றை வாங்க ஒருவன் வருவான். அந்த ஒருவன் இன்றைக்குப் பெரும்பாலும் ரேக்ளாக்காரன். பவுன் அடித்த ஜோடிக்கு லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். அந்த விலை நாலைந்து கைமாறி, கடைசியில் கொழுக்கட்டைப்புல் மேய்கிற ஒரு பசுவின் தீனியாக வந்து சேர்கிறது. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் இன்னும் மிஞ்சியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நத்தக்காடையூர்ப் பக்கம் பழையகோட்டை மாட்டுத்தாவணியில் காங்கயம் இனத்துக்கென்றே சந்தை கூடுகிறது. ஒருகாலத்தில் பழையகோட்டைப் பட்டக்காரர் பேணி வளர்த்த இனத்தைத் தேடி இளைஞர்கள் போனும் கையுமாக அங்கே நிற்பதைப் பார்க்கலாம்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பரிசு காளைக்காரருக்கு, மாலை ஓட்டுநருக்கு, பேனரில் படம் காளைக்கு. ஈன்ற பசுவை வைத்திருப்பவருக்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் அரைப் பவுனாவது ஜெயித்த காளையின் தாயை வளர்ப்பவருக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கட்டுத்தரையில் பிறந்தது என்பதை டோக்கன் எழுதும்போதே கேட்டு எழுதலாம். பிறப்பைப் பதிவு செய்கிற பழக்கம் வந்தால், எந்தப் பசுவின் வழியில் நல்ல கன்று வருகிறது என்பதும் தெரியவரும். அந்தக் குறிப்பு இன்றைக்குத் தரகர்களின் மண்டைக்குள் மட்டுமே இருக்கிறது.

இடமும் கூட்டமும்

இன்னும் இரண்டு சிக்கல். ஒன்று, நிலம். 300 மீட்டர் நேராக ஓட வேண்டும். அதற்கு மேல், ஓடி வருகிற காளைகள் நிதானிக்க இன்னும் நூறு மீட்டராவது வேண்டும். தென்னைக்கு நடுவில் அது கிடைக்காது. தரிசாகக் கிடக்கிற காடு கிடைத்தால், அடுத்த ஆண்டு அங்கே மனைப்பிரிவுக் கற்கள் நிற்கின்றன. இடம் சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவது அந்த நூறு மீட்டர்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்தயத்தில் கோட்டைத் தாண்டிய வண்டி நிற்க இடமில்லாமல் கூட்டத்துக்குள் புகுந்தது. என் பக்கத்தில் நின்றிருந்த பையனின் கால்மேல் சக்கரம் ஏறியது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைத் தடத்தில் கடைசிக் கோட்டுக்கு அப்பால் நான் காலடி வைத்து அளந்தேன். நூற்றிருபது அடிவைப்பு வந்தது. பக்கவாட்டில் இரட்டைக் கட்டைவேலி அடித்திருக்கிறார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் கடைசிக் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டாம். பாதித் தூரத்தில் நில்லுங்கள், ஜோடி சேர்ந்து ஓடுவதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, அனுமதி. 2017 திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டுக்குக் கொடுக்கிற விளக்கத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகிய பெயர்கள் இருக்கின்றன. ரேக்ளா என்ற சொல் அதில் இல்லை. இந்த ஒரு சொல் இல்லாததால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஏற்பாட்டாளர்கள் கடைசி நேரம் வரை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். ரேக்ளாவுக்கென்று தனி விதிமுறை வரவேண்டும்: தடத்தின் நீளம், நிற்கும் இடம், வேலி, கால்நடை மருத்துவர், குச்சிக்குத் தடை, ஓட்டுநருக்கும் பார்வையாளருக்கும் காப்பீடு. எல்லாம் எழுத்தில் இருந்தால் அனுமதி கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் சிக்கல் இல்லை, காளைக்கும் பாதுகாப்பு.

தைப்பொங்கல் சமயத்தில் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் போயிருப்பவர்களுக்கு, காளையின் பாதுகாப்பை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். மாடு நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று மண்ணில் செய்த மாட்டு உருவங்களை அங்கே குவிப்பார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சலகெருதுகள் உறுமிச் சத்தத்துக்கு ஆடும். மாட்டை ஓட்டுவதற்கு முன்னால் மாட்டுக்காக வேண்டிக்கொள்கிற ஊர் இது.

சனிக்கிழமை சாயங்காலம்

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் நெகமத்திலிருந்து போன் வந்தது. பேசியது பெரியவரின் மகன். “ங்ணா, டோக்கன் வந்திருச்சுங்க. நூத்திப் பதினேழு.”

நூற்றுப் பதினேழு என்றால் பதினொன்றரை, பன்னிரண்டு மணி. பொடிமண். நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

“அப்பா மறுக்காவும் கயித்த அவுத்துக் கட்டீட்டிருக்காருங்க. இப்ப ஒன்றரை விரல்கடை. மத்தியானம் செவலைக்கு மூச்சு வாங்கும்னு கணக்குப் போட்டிருக்காரு. நாளைக்கு வெரசா வந்துருங்ணா, பாதித் தூரத்துல நில்லுங்க. நுகம் நேரா வருதான்னு பாத்துச் சொல்லோணும்.”